மலர்ப் பள்ளத்தாக்கு

இமயமலையின் மடியில், உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், மலர்ப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. பத்ரிநாதத்திற்குச் செல்லும் வழியிலுள்ள கோவிந்தகாட் என்னும் ஊரிலிருந்து ஆற்றோரமாக மலையேறிக் காங்கரியா என்னும் சிற்றூரை அடைந்து, இரவு அங்கே தங்கி, மறுநாட் காலையில் மேலும் நடந்தால் அதன் வாயில் தோன்றும். அவ்விடம் கடல் மட்டத்திற்கு மேல் 3,200 மீட்டருக்கும் உயர்ந்தது. நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்த்தால், அவ்வுயரம் எத்தகையது என்பது விளங்கும். இருமருங்கும் பனிமுடி தரித்த மலைகள். நடுவே புஷ்பாவதி என்னும் ஆறு.

தமிழர் ஆண்டினைக் கார், கூதிர் முதலாக ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அப்பகுப்பு அங்குச் செல்லாது. ஐப்பசி இறுதியில் விழத் தொடங்கும் பனி, வைகாசி வரையில் நிலத்தை மூடிக் கிடக்கிறது. அப்பனியைச் சாவின் போர்வை என்று கருதுதல் தவறு. வெட்டவெளியில் வீசும் கடுங்குளிர் வேர்களையும் கிழங்குகளையும் தாக்காதவாறு காப்பது அப்பனியே. ஜூன் மாதத்தில் அது உருகியதும், ஈரம் உலராத மண்ணிலிருந்து முதற்பூக்கள் தலைநீட்டுகின்றன. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பருவமழை பொழிய, பள்ளத்தாக்கு முழுவதும் பூத்துக் குலுங்குகிறது. நம் வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பையின் உறவினம் அங்கே இடுப்பளவு உயர்ந்து செந்நீலப் பூக்களைச் சொரிகிறது. கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த நீல மலரொன்று பாறை இடுக்குகளில் பூக்கிறது. பள்ளத்தாக்கின் ஓரங்களில் பூர்ச்ச மரங்கள் நிற்கின்றன. நம் முன்னோர் பனையோலையில் எழுதியது போல, வடபுலத்தார் இம்மரத்தின் பட்டையில் எழுதினர். செப்டம்பரில் இலைகள் சிவந்து பழுக்கின்றன, விதைகள் உதிர்கின்றன, மீண்டும் பனி வருகிறது.

இத்துணைப் பூக்கள் ஒருங்கே மலர்வது ஏன்? முளைத்தல், தழைத்தல், பூத்தல், விதைத்தல் ஆகிய அனைத்தையும் நான்கு திங்களுக்குள் முடித்தாக வேண்டும் என்னும் நெருக்கடியே காரணம். நாம் அழகு என்று வியப்பது அச்செடிகளுக்கு வாழ்க்கைப் போராட்டம்.

1931ஆம் ஆண்டில் காமேத் சிகரத்தை ஏறி மீண்ட ஆங்கில மலையேறி பிராங்க் ஸ்மைத், தம் தோழர்களுடன் இப்பள்ளத்தாக்கில் இறங்கினார். 1937இல் மீண்டும் வந்து, மறு ஆண்டில் இதனைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். 1939இல் செடிகளைத் திரட்ட வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார் பாறையினின்று வழுக்கி வீழ்ந்து உயிர்நீத்தார். அவருடைய கல்லறை இன்றும் அங்கே உள்ளது. ஸ்மைத்தின் நூல் உலகோர் பலருக்கு இவ்விடத்தை அறிவித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் இதனைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவோரின் கூற்றை நான் ஏற்க மாட்டேன். அதற்கு முன்பே பியூண்டார் ஊர் மக்கள் கோடைதோறும் ஆடுகளை ஓட்டி வந்து அங்கே மேய்த்தனர். மந்தை மேய்ப்பவன் அறிந்த இடத்தை யாரும் அறியாத இடம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இச்சொல் ஒன்றைப் பற்றி இத்துணைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1982ஆம் ஆண்டில் அரசினர் இதனைத் தேசியப் பூங்கா ஆக்கினர். மேய்ச்சல் அடியோடு நிறுத்தப்பட்டது. 2005இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இதனை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. ஆனால் மேய்ச்சல் நின்றபின், பாலிகோனம் என்னும் ஆளுயரச் செடி சிறு பூச்செடிகளை நெருக்கிப் பரவியது. வனத்துறையினர் ஆள்வைத்து அதனைப் பிடுங்க வேண்டியதாயிற்று. ஆடுகள் கடித்தும் மிதித்தும் அச்செடியை அடக்கி வைத்தன என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறினர். ஆட்டுப் பட்டிகளின் எருவேறிய மண்ணிலும் மலைச்சரிவு உடைந்த இடங்களிலுமே அது மிகுதி. ஆதலின் பழைய மேய்ச்சலே அதற்கு வழிவகுத்தது என்று வேறு சிலர் மறுத்தனர்.

இருசாராரிடமும் உண்மை இருத்தல் கூடும். அளவின்றி மேய்த்தால் பூக்கள் அழியும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை அறிந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, அந்நிலத்தின் நன்மை எது என்று முடிவு செய்தது முறையன்று. இன்று அவ்வூரார் குழு அமைத்து, யாத்திரிகரும் பயணிகளும் எறிந்து செல்லும் குப்பைகளை அகற்றுகின்றனர். காவலுக்குத் தகுதியுடையவர் அறிவுரைக்குத் தகுதியற்றவர் ஆவரோ?

பள்ளத்தாக்கின் ஒரு சிறு பகுதியில் மட்டும் சில ஆண்டுகள் அளவோடு ஆடுகளை மேயவிட்டு, அதன் அருகே மற்றொரு பகுதியை மேயாமல் விட்டு, இரண்டினையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை ஆடுகள், எம்மாதம், எவ்விடம் என்பவற்றைப் பழைய மேய்ப்பரிடம் கேட்டறிய வேண்டும். இதில் காலந்தாழ்த்தல் ஆகாது. 1982இல் இருபது வயது இளைஞராய் மந்தையுடன் அங்குச் சென்றவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.