முதலில் தண்ணீரை அளப்போம்

கோயம்புத்தூரைச் சுற்றிப் புது வீடு கட்டுகிறவர்கள் புல்தரையைப் பற்றி யோசிப்பது கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்த பிறகுதான். சுவரில் பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும். வாசலில் பேவர் பிளாக் பதித்து முடித்திருப்பார்கள். அப்போது யாரையாவது கூப்பிட்டு, "சதுர அடி என்ன விலைங்க?" என்று கேட்பார்கள். லாரியில் புல் வந்து இறங்கும். இரண்டே நாளில் விரித்துவிட்டுப் போவார்கள். விசேஷத்துக்கு வந்தவர்களெல்லாம் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சித்திரை பிறந்ததும் நடுவில் திட்டுத் திட்டாகக் காய ஆரம்பிக்கும். வீட்டுப் பெரியவர் ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் ஒரு மணி நேரம் நிற்பார். அடுத்த வருஷம் அந்த இடத்துக்கும் பேவர் பிளாக் வந்துவிடும்.

புல்லின் மேல் தப்பில்லை. வேலையின் வரிசை தலைகீழாக இருக்கிறது. கடைசியில் வரவேண்டிய புல் முதலில் வருகிறது. முதலில் வரவேண்டிய தண்ணீர்க் கணக்கு வருவதே இல்லை.

வடவள்ளியில் என் தங்கை வீடு கட்டியபோது இந்த வரிசை சரியாக நடந்தது. காரணம் அவள் கூப்பிட்ட ஆள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர் போட்டுப் பழகியவர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம் என்று மானியம் கொடுத்து அரசு சொட்டுநீரைப் பரப்பியதில், பைப்பும் வால்வும் ஃபில்டரும் கைவந்த ஆட்கள் கொங்குப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் இவர்களைத் தேடிப் போகலாம். நர்சரியில் புல் விற்பவரையே பைப்பும் போடச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோதே அவர் வந்துவிட்டார். புல்லின் மாதிரி எதையும் கொண்டுவரவில்லை. கையில் இருந்தது ஒரு பிரஷர் கேஜும் 20 லிட்டர் பக்கெட்டும். "மொதல்ல தண்ணிய அளந்துக்கலாமுங்கக்கா. புல்லை அப்பறம் அளக்கலாம்" என்றார்.

சம்ப்பிலிருந்து எடுக்கும் மோட்டாரை ஓடவிட்டு, பைப் முனையில் பக்கெட்டை வைத்தார். நிறைய 40 விநாடி ஆயிற்று. ஆக, நிமிஷத்துக்கு 30 லிட்டர். அதன் பிறகுதான் எத்தனை சென்ட் புல் வேண்டும் என்று கேட்டார். தங்கை ஐந்து சென்ட் என்றாள். அவர் கீழே கிடந்த செங்கல்லில் கரியால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கு எல்லாருக்கும் உதவும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் அது ஒரு லிட்டர். நம் ஊர்க் கோடையில் புல்தரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மி.மீ. வேண்டும். ஒரு சென்ட் 40 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து சென்ட் என்றால் 200 சதுர மீட்டர், தினம் 1,000 லிட்டர். காற்று அடித்துக்கொண்டு போவதும் ஓரத்தில் வழிவதும் இதில் சேரவில்லை. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஏழு பேருக்கான தண்ணீரை அந்தப் புல் குடிக்கும். தங்கை வீட்டில் இருப்பது நாலு பேர். அவர்கள் போர் பங்குனியில் முக்கால் மணி நேரம் ஓடினாலே காற்று வாங்க ஆரம்பித்துவிடும்.

ஐந்து சென்ட் அங்கேயே இரண்டு சென்ட் ஆயிற்று. மீதி இடம் மாமரத்துக்கும் நெல்லிக்கும் செம்பருத்திக்கும் போனது. அவற்றின் வேருக்குச் சொட்டுநீர், மேலே தென்னை மட்டை மூடாக்கு. தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தச் செங்கல் கணக்கை மறுத்துப் பேச அவளிடம் எதுவும் இல்லை.

அடுத்தது பிரஷர். மாடியில் டேங்க் இருக்கிறதே, அதிலிருந்தே ஸ்பிரிங்க்ளருக்கு இழுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் தருவது ஒரு பார் அழுத்தம். மாடி டேங்க் தரையிலிருந்து ஏழு மீட்டர் என்றால் கிடைப்பது 0.7 பார். மண்ணுக்குள் ஒளிந்திருந்து தண்ணீர் வரும்போது தலைதூக்கும் பாப்-அப் ஸ்பிரிங்க்ளருக்கு 2 பார் வேண்டும். டேங்க் தண்ணீரில் அது பாதி எழும்பி, காலடியிலேயே கொப்பளித்துவிட்டு நின்றுவிடும். ஸ்பிரிங்க்ளர் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் டேங்க்கின் உயரத்தை அளந்து பார்க்க வேண்டும். தங்கை வீட்டில் சம்ப்பிலிருந்தே தனி மோட்டார், அதற்கடுத்து டிஸ்க் ஃபில்டர், அதற்கடுத்து வால்வுகள் என்று வந்தது. போர்த் தண்ணீரில் வரும் மணலுக்கும் துருவுக்கும் ஃபில்டர் இல்லாவிட்டால் நாஸில் ஒரு கோடைகூடத் தாங்காது.

இந்த வேலையின் மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஸ்பிரிங்க்ளர் நிற்கும் இடங்களில் என்பேன். இரண்டு சென்ட் சதுரம் என்றால் பக்கத்துக்கு 30 அடி. அவர் எடுத்துக்கொண்டது 15 அடி வீசும் நாஸில். நாலு மூலையில் நாலு, நாலு பக்கத்தின் நடுவில் நாலு, மத்தியில் ஒன்று. ஒரு ஸ்பிரிங்க்ளர் வீசும் தண்ணீர் அடுத்த ஸ்பிரிங்க்ளரின் காலைத் தொட வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. வட்டங்கள் லேசாக உரசினால் போதும் என்று இடைவெளியை இழுத்து வைக்கிறவர்கள் மிச்சப்படுத்துவது இரண்டு மூன்று ஸ்பிரிங்க்ளரின் விலையை. இழப்பது அந்த இடைவெளியில் இருக்கும் புல்லை. சித்திரையில் திட்டுத் திட்டாகக் காய்கிறதே, பல வீடுகளில் காரணம் இதுதான்.

மூலையில் நிற்கும் கால் வட்டம் நிமிஷத்துக்கு மூன்றரை லிட்டர் குடிக்கும், பக்கத்தின் நடுவில் நிற்கும் அரை வட்டம் ஏழு, மத்தியில் நிற்கும் முழு வட்டம் பதினாலு. ஒன்பதையும் சேர்த்தால் 56 லிட்டர். மோட்டார் கொடுப்பதோ 30. அதனால் இரண்டு பிரிவு: நாலு அரை வட்டங்கள் ஒரு வால்வில், 28 லிட்டர், நாலு மூலைகளும் மத்தியும் இன்னொரு வால்வில், அதுவும் 28. பக்கெட்டை வைத்து அளந்த 30 லிட்டர் எங்கே வந்து உட்கார்கிறது பாருங்கள். அன்றைக்கு அதை அளக்காமல் ஒன்பதையும் ஒரே வரிசையில் மாட்டியிருந்தால் ஒன்றுகூட ஒழுங்காக வீசியிருக்காது. மரங்களுக்கான சொட்டுநீர் மூன்றாவது வால்வு. புல்லின் வேர் சில அங்குலம், மாமரத்தின் வேர் பல அடி. இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு என்று வைத்தால் ஒன்று அழுகும், இல்லையேல் மற்றது வாடும்.

குழி வெட்டிய நாட்களில் நான் அங்கே அடிக்கடி போனேன். ஒரு அடி ஆழம். பேவர் பிளாக் பதிக்கும் முன்பே, நடைபாதையின் குறுக்கே மூன்று அங்குல பைப் ஒன்றை வெறுமனே புதைத்துவைத்தார். பின்னால் எந்தக் குழாயோ ஒயரோ அதற்குள் நுழைந்து போய்க்கொள்ளும், கல்லைப் பெயர்க்க வேண்டாம். பைப் ஒட்டி முடித்த பிறகும் குழியை மூடவில்லை. எல்லா முனைகளிலும் மூடி போட்டு, அழுத்தம் ஏற்றி, வால்வை அடைத்து, கேஜ் முள் நின்ற இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டுப் போனார். கொத்தனார் ஆட்கள் அந்தக் குழிகளைத் தாண்டித் தாண்டிச் செங்கல் சுமந்து சலித்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் முள் இறங்கியிருந்தது. ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டே போனவர், மூன்றாவது 'டீ' இணைப்பில் ஈரத்தைக் கண்டுபிடித்து வெட்டி எடுத்தார். மண்ணும் புல்லும் மூடிய பிறகு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு தோண்ட வேண்டியிருக்கும்!

நாஸில் மாட்டுவதற்கு முன் வெறும் பைப்பில் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிட்டார். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது. பிறகு பைப் அறுத்த தூள் வெள்ளை வெள்ளையாக மிதந்து வந்தது. பளிங்காக வரும்வரை ஓடவிட்டார். குழியை மூடும்போது பாதி மண் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, மறுபடி மண் போட்டு மறுபடி தண்ணீர் விட்டார். ஒரேயடியாகத் தள்ளி மூடினால் ஐப்பசி மழையில் பைப் போன வழியெல்லாம் அமுங்கிவிடும்.

மண் விஷயத்தில் அவர் காட்டிய பிடிவாதம் இன்னும் பெரியது. வீடு கட்டி முடிந்த இடத்தில் மேலாக இருப்பது மண்ணே அல்ல. சிமென்ட் கரைத்த தண்ணீர், டைல்ஸ் சில்லு, பட்டி, கட்டுக் கம்பி எல்லாம் கலந்த குப்பை. அதன்மேல் ஓர் அங்குலம் செம்மண் தூவிப் புல்லை விரித்தால் வேர் எங்கே போகும்? ஓர் அடி தோண்டி வாரிக் கொட்டிவிட்டு, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பினார். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் பார்த்து, ரோலர் ஓட்டினார். அதற்குப் பிறகும் புல் வரவில்லை. வெறும் மண்ணுக்குத் தினமும் தண்ணீர் விடச் சொன்னார். வாங்கிவந்த செம்மண்ணில் கோரைக் கிழங்கு இருக்கும், அது முளைத்துக் காட்டட்டும் என்றார். முளைத்தது. கிழங்கோடு எடுத்தார்கள். மறுபடி முளைத்தது, மறுபடி எடுத்தார்கள்.

மாப்பிள்ளை பொறுமையிழந்து, "கிரகப்பிரவேசத்துக்குப் புல் இருக்காதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்காதுங்க. பொங்கலுக்கு இருக்கும். அதுக்கடுத்த பொங்கலுக்கும் இருக்கும்."

புல் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொரியன் பார்க்க அழகு. தண்ணீர் குறைந்தாலும் தாக்குப்பிடிப்பது பெர்முடா. பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லும் அதே இனந்தான். தங்கை பெர்முடாவை எடுத்துக்கொண்டாள்.

புல் பிடித்த பிறகு ஒரு நாள் தரையெங்கும் எவர்சில்வர் டம்ளர்களைப் பரப்பிவைத்து ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டார். நிறுத்தியதும் ஸ்கேலால் ஒவ்வொன்றிலும் தண்ணீரின் உயரத்தை அளந்தார். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, வடமேற்கு மூலை டம்ளர்களில் மட்டும் பாதி. அந்த ஸ்பிரிங்க்ளர் நூலிழை சாய்ந்திருந்தது. கையால் மண்ணைப் பறித்து நிமிர்த்தி, மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். எந்த வீட்டிலும் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது. இதைச் செய்து காட்டாத கான்ட்ராக்டரிடம் நீங்களே டம்ளரை எடுத்துக் கொடுங்கள்.

டைமரை விடிகாலை நாலரைக்கு வைத்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். பகலில் ஓட்டினால் பாதித் தண்ணீர் ரோட்டுக்குப் போய்விடும். இரவில் விட்டாலோ விடியும்வரை இலை நனைந்தே கிடந்து பூஞ்சை வரும். அந்த ஸ்பிரிங்க்ளர்கள் ஏழு நிமிஷத்தில் 5 மி.மீ. கொடுத்துவிடும். கரிசல் மண் அந்த வேகத்துக்குக் குடிக்காது, வழியவிடும். கரிசல்காரர்கள் மூன்றரை நிமிஷம் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, இன்னொரு மூன்றரை விட வேண்டும். புல் வேர் பிடித்ததும் தினமும் கொஞ்சம் என்பதை மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மி.மீ. என்று வைத்தார். தண்ணீரைத் தேடி வேர் கீழே இறங்கட்டும் என்று.

இவ்வளவு பாடுபட்டுப் புல் வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நம் ஊரில் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. புல்லுக்கு நாளுக்குச் சராசரி 4 மி.மீ. என்றே வைத்தாலும் ஆண்டுக்கு 1,460 மி.மீ. வேண்டும். மழை தருவதைப்போல இரண்டு மடங்கு. ஸ்பிரிங்க்ளர் கலாசாரம் வேரூன்றிய அமெரிக்காவிலேயே, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் போட்டது. யாரும் கால் வைக்காத வெறும் அலங்காரப் புல்லுக்கு அந்தப் பகுதியில் 2027 தொடக்கத்திலிருந்து கொலராடோ நதித் தண்ணீரை விடக் கூடாது. வீடுகளை விட்டுவிட்டார்கள். அலுவலக வாசல்களும் சாலை நடுத்திட்டுகளும்தான் அதில் மாட்டுகின்றன. அந்தப் பிரிவினை எனக்குச் சரியென்று படுகிறது. குழந்தைகள் உருண்டு விளையாடும் இரண்டு சென்ட்டுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். காம்பவுண்டுக்கு வெளியே மூன்றடி அகலத்தில் நீளமாக ஓடும் பச்சைக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்த இடத்தில் நாலு புங்கன் வைத்தால் தெருவுக்கே நிழல்.

வேலை முடிந்ததும் அவர் தங்கையிடம் ஒரு தாளைக் கொடுத்தார். எந்தப் பைப் சுவரிலிருந்து எத்தனை அடியில் போகிறது, வால்வு எந்த மூடிக்குக் கீழே, எந்த எண் எந்தப் பிரிவு, எந்த மாதம் எத்தனை நிமிஷம் என்று கைப்படம். குழி திறந்திருந்தபோது டேப் வைத்து எடுத்த போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே மாற்று நாஸில் இரண்டு. நீங்கள் புல்தரை போடுவதாக இருந்தால் இந்தத் தாளை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அது கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.