வணிக உத்திப் பாடத்துக்கு நிரந்தர உதவிப் பேராசிரியர் கோரும் மனு

அனுப்புநர்:
மேலாண்மைத் துறை ஆசிரியர் – ஆய்வாளர் சங்கம்

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள் மற்றும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள்

பொருள்: மேலாண்மைத் துறை – வணிக உத்திப் பாடம் – காலியாக உள்ள உதவிப் பேராசிரியர் பணியிடத்தை நிரப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆசிரியர் நியமன விதிமுறைகள், 2018.

மதிப்பிற்குரியீர்,

எங்கள் துறையில் வணிக உத்திப் பாடம் நடத்திய ஆசிரியர் ஓய்வுபெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. பருவத்துக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்து போகிறார். சென்ற பருவத்தில் வந்தவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பற்றிய கேஸ் ஸ்டடியைத் தொடங்கினார். இலவச சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பலகையில் எழுதி, மறு வகுப்பில் விடை காண்போம் என்றார். அதற்குள் அவருக்குத் தனியார் கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. அவர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. மாணவர்கள் மீதிப் பாடத்தைக் கைடு பார்த்துப் படித்துத் தேர்வு எழுதினார்கள்.

1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனையை 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக்கியது. கோயம்புத்தூரில் பிறந்த சி.கே. பிரகலாத் 2004இல் வெளியிட்ட தம் நூலில் அதை விரிவாக ஆராய்ந்தார். உலகம் படிக்கும் அந்தப் பாடத்தை மதுரைக்குப் பக்கத்திலிருந்தும் எங்களால் நடத்தி முடிக்க முடியவில்லை.

முதலாண்டில் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் எனத் தனித்தனியாகக் கற்றவற்றை ஒன்றுசேர்த்து, ஒரு நிறுவனம் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவெடுக்கப் பழக்குவது வணிக உத்திப் பாடம்தான். திருப்பூர் பின்னலாடை, கோவை பம்புசெட் தொழிற்கூடங்களுக்கு நேரில் சென்று புதிய கேஸ் ஸ்டடிகளை எழுத, ஆண்டுக்கணக்கில் இங்கேயே வேரூன்றும் ஓர் இளம் ஆசிரியர் தேவை.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. நிதி, சந்தைப்படுத்தல், உத்தி எல்லாம் நெட் தேர்வில் ‘மேலாண்மை’ என்ற ஒரே பாடத்துக்குள் வருகின்றன. ஆகவே நியமன அறிவிக்கையில் ‘வணிக உத்தி’ எனச் சிறப்புப் பிரிவைக் குறிப்பிட வேண்டும்.

2. 2018 விதிமுறைகளின்படி கல்வி மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கு மட்டுமே. இறுதித் தேர்வு நேர்முகத் தேர்வைப் பொறுத்தது. அதில் மாணவர் முன்னிலையில் ஒரு மாதிரி வகுப்பும், ஓர் ஆய்வுரையும் இடம்பெற வேண்டும்.

3. இனச்சுழற்சிப் பட்டியலை அறிவிக்கையுடன் வெளியிட வேண்டும். 69 விழுக்காடு இடஒதுக்கீடு பிசகின்றிப் பின்பற்றப்பட்டால் வழக்குகளால் நியமனம் தடைபடாது.

4. விண்ணப்பம் முதல் பணி ஆணை வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதி குறித்து அறிவிக்க வேண்டும். நல்ல விண்ணப்பதாரர்கள் காத்திருந்து சலித்து வேறிடம் போய்விடுகிறார்கள்.

5. பணியில் சேருபவருக்கு வாரம் 16 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு ஒதுக்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் சேர்க்கை, தேர்வுப் பணிகளிலிருந்து விலக்கு அளித்து, ஆய்வுக்குத் தொடக்க நிதி வழங்க வேண்டும்.

6. நியமனம் முடியும்வரை கௌரவ விரிவுரையாளருக்கு, மானியக் குழு 2019இல் நிர்ணயித்தபடி வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 உச்சவரம்பில் ஊதியம் வழங்கி, கல்வியாண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

அடுத்த மூன்றாம் பருவம் தொடங்கும் நாளில், பலகையில் எழுதிய கேள்விக்கு மறு வகுப்பிலும் வந்து விடை சொல்லும் ஆசிரியர் எங்கள் மாணவர்களுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: அரசுச் செயலாளர், உயர்கல்வித் துறை