விருந்தின் கடைசிக் காப்பி

விருந்து முடிந்ததும் இனிப்பு, காப்பி என்று இரண்டு முறை தட்டைத் தூக்க வேண்டாம். இரண்டும் ஒரே கிண்ணத்தில் அடக்கம்: பிஸ்காஃப் எஸ்பிரெசோ மார்ட்டினி. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் உருவாக்கிய எஸ்பிரெசோ மார்ட்டினியோடு, பெல்ஜியத்தின் பட்டை மணக்கும் பிஸ்கட்டை அரைத்துச் செய்யும் ஸ்பிரெட்டைச் சேர்த்த வடிவம் இது.

ஒருவருக்கு: சூடான எஸ்பிரெசோ 30 மி.லி., பிஸ்காஃப் ஸ்பிரெட் 1 மேசைக்கரண்டி, வோட்கா 45 மி.லி., காப்பி லிக்கர் 20 மி.லி., ஐஸ்.

ஸ்பிரெட்டில் எண்ணெய் உண்டு. ஆறிய காப்பியில் கட்டிகட்டியாக நிற்கும். அதனால் காப்பி சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். மதுவையும் நிறைய ஐஸையும் சேர்த்து, ஷேக்கரில் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். ஷேக்கர் இல்லையா? மூடி இறுக்கமான போத்தல் போதும். நுரை வருவது இந்தக் குலுக்கலில்தான். உடனே வடிகட்டி, பிஸ்கட் தூள் தூவுங்கள்.

என் வீட்டில் இன்னொரு வகையும் உண்டு. குடியை விட்டு மூன்று ஆண்டுகளான நண்பர் ஒருவர் வருவார். அவர் கையில் மட்டும் ஆரஞ்சுச் சாறு இருந்தால், யாராவது "ஏன் குடிக்கல?" என்று கேட்டுவிடுவார்கள். எனவே அவருக்கு மதுவுக்குப் பதில் 60 மி.லி. குளிர்ந்த பால், எஸ்பிரெசோ இரு மடங்கு. அதே கிண்ணம், அதே நுரை. வண்டி ஓட்டுவோருக்கும் இதுவே.

மது படாத ஷேக்கரில் இதை முதலில் கலக்கிவிடுவேன். பால் சேர்வதால் நிறம் வெளிறியிருக்கும். கிண்ணம் கைமாறாமல் இருக்க எனக்கு அந்த அடையாளம் போதும்.