போரை ஆழமாக்கினால் உப்பு போகுமா?

கேள்வி: ‘‘பொன்னேரி பக்கம் 2 ஏக்கரில் நெல் போடுகிறோம். 120 அடி போர். நாலைந்து வருஷமாகத் தண்ணீர் கரிக்கிறது. நாற்றின் நுனி கருகுகிறது. இன்னும் 100 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் போர் வண்டிக்காரர். நகையை அடகு வைத்து இறக்கலாமா? ஜிப்சம் போட்டாலே சரியாகிவிடுமா?’’
- வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் கடல்நீர் புகுந்திருப்பதே ஆழத்து மணல் அடுக்கில்தான்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணல் அது. ஒரு காலத்தில் அதில் நன்னீர் நிறைந்திருந்தது. சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் அங்கிருந்து இறைத்தார்கள்; வயல்களிலும் மோட்டார்கள் பெருகின. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், 1983-ல் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது.

கடல்நீர் கனமானது. நிலத்தடியில் அதன் மேல் நன்னீர் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் சுமார் 40 அடி மேலேறும் என்பது கணக்கு. ஆழப்படுத்துவது அந்த உப்பைத் தேடிப் போவதுதான். காவிரிக் கடைமடையில் சில ஊர்களில் மேல்தண்ணீர் உப்பு, ஆழத்தில் நல்ல தண்ணீர் என்பது உண்மைதான். அங்கே மண் அடுக்கு வேறு. நாகப்பட்டினத்துச் சம்பந்தி சொன்னார் என்று பொன்னேரியில் போர் இறக்கக் கூடாது.

மழை பொய்த்த ஆண்டுகளில் உப்பு கூடுவதும், பழவேற்காடு ஏரி, எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலோதம் ஏறுவதும் இயற்கை. ஆற்று மணலை அள்ளியது மனிதர் செய்தது. வெள்ளத்தைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவது அந்த மணல். அது போனால் தண்ணீர் கடலுக்கு ஓடும். படுகை பள்ளமானால் ஓதம் இன்னும் உள்ளே வரும்.

ஜிப்சம் தண்ணீரிலுள்ள உப்பை எடுக்காது. பைகார்பனேட் மிகுந்த தண்ணீருக்கும், சோடியம் ஏறி இறுகிய களர் மண்ணுக்கும்தான் அது பயன்படும். அங்கேயும் மழைநீர் தேங்கி வடிய வழி இருக்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் மூட்டை வாங்குவது வீண் செலவு.

முதலில் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரை கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவி, 1 லிட்டர் பிடித்து வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுக்கலாம். மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு தடவை. மின் கடத்தும் திறன் 0.7-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் நெல்லுக்கு ஆகாது.

அதுவரை சொர்ணவாரியை விட்டுவிடுவது நல்லது. கோடையில் முழுக்கப் போர் தண்ணீரை நம்பும் பட்டம் அது. வயலில் உப்பு சேர்வதும் அப்போதுதான். சம்பாவுக்கு வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தேக்கி வடித்தால் மண்ணிலுள்ள உப்பு கழியும். இளம்பயிர் உப்பைத் தாங்காது. அதனால் நாற்றங்காலுக்கு மட்டுமாவது குளத்து நீரோ, கரிக்காத மேல்கிணற்று நீரோ வேண்டும். மேல்கிணற்றிலும் ஒரே மூச்சாக இறைக்காமல், விட்டுவிட்டு இறைக்க வேண்டும்.