ஆகஸ்ட் 10 அன்று மட்டும் தெரியும் சாதி

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 வந்தால் தமிழ்நாட்டின் பல பங்குகளிலும் சபைகளிலும் கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். கறுப்புக்கொடி, கறுப்புப் பட்டை, ஆர்ப்பாட்டம், ஆயரின் அறிக்கை என்று அன்றைய பொழுது போகும். 1950இல் அதே தேதியில் வெளியான பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை திறக்கவில்லை. மதம் மாறினாலும் சாதியின் கொடுமை விடுவதில்லை, ஆகவே எங்களையும் பட்டியலில் சேருங்கள் என்பது கோரிக்கை. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையும் இதை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. முழுக்க நியாயமான கோரிக்கை.

ஆகஸ்ட் 11 அன்று அதே ஆட்களிடம் போய், "உங்க பங்குல சாதி எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் நம்மகிட்ட கெடையாதுங்க. கிறிஸ்துவுக்குள்ள எல்லாரும் ஒண்ணு" என்பார்கள். டெல்லியிடம் கேட்கும்போது இருக்கிற சாதி, ஊருக்குள் கேட்டால் இல்லாமல் போய்விடுகிறது. எந்தப் பதில் உண்மை என்பது ஊருக்கும் தெரியும், காலனிக்கும் தெரியும்.

தர்மபுரி மாவட்டத்தில், சபைக்குள் சாதி இல்லை என்ற இந்த நம்பிக்கையைக் கிறிஸ்தவர்கள் மட்டும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு இந்துவும் சொல்கிறார்: "உங்களுக்கென்ன, நீங்கதான் வேதத்துக்குப் போயிட்டீங்களே, அங்க ஏது சாதி?" அரசின் ஆணையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. மூன்று திசையிலிருந்தும் ஒரே வாக்கியம் வருவதால் அது உண்மை போலவே ஆகிவிட்டது. அது பொய் என்பது என் முதல் மனத்தாங்கல் இல்லை, அது ஒரு வேலையை நிறுத்திவிடுகிறது என்பதுதான். அப்போஸ்தலர்கள் விசுவாசிகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள்: கிறிஸ்து மூலைக்கல், நீங்கள் உயிருள்ள கற்கள், சேர்ந்து ஒரே வீடாக எழும்புங்கள் என்றார்கள். வீடு எழும்பி முடிந்துவிட்டது, பால் காய்ச்சிக் குடியும் வந்தாயிற்று என்று இந்த நம்பிக்கை சொல்கிறது. அப்புறம் யார் கல் எடுத்துக் கொடுப்பார்கள்?

ஆதித் திருச்சபை தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் வரும் சச்சரவு சோற்றைப் பற்றியது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகளை ஒதுக்கிவிட்டு எபிரெய விதவைகளைக் கவனிக்கிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. "நமக்குள்ளே அப்படியெல்லாம் கிடையாது" என்று பேதுரு சமாதானம் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து வேலையை ஒப்படைத்தார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். யார் ஒதுக்கப்பட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே அகப்பை போனது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், யூதன், கிரேக்கன், அடிமை, சுயாதீனன் என்ற பேதம் இல்லை என்று வரும் மூன்றாம் அதிகாரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்திய அதிகாரத்தை மட்டும் பிரசங்கத்தில் அபூர்வமாகத்தான் கேட்கிறோம். அந்தியோக்கியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு மெல்ல விலகினார். பர்னபாவும் கூடவே விலகினார். பவுல் அதை எல்லோருக்கும் முன்னால் வைத்துத் தட்டிக்கேட்டார். பேதமில்லை என்ற வசனம் அந்தச் சண்டைக்குப் பிறகு வருகிறது. சண்டையை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

கொரிந்து சபைக்கு அவர் எழுதியது இன்னும் காட்டம். வசதியுள்ளவர்கள் முதலில் வந்து வயிறாரச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்றார் பவுல். அப்பமும் திராட்சரசமும் ஜெபமும் இருந்தும் அது பந்தியில்லை என்றால், நம் நற்கருணைக்கும் திருவிருந்துக்கும் அந்த அளவுகோல் பொருந்தாதா?

2024 ஜனவரியில் பொம்மிடி அருகே பள்ளிப்பட்டியில் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நடைப்பயணத்தில் வந்த அன்றைய பா.ஜ.க. மாநிலத் தலைவர் அண்ணாமலை லூர்து அன்னை ஆலயத்துக்குள் நுழைய, ஊர் இளைஞர்கள் மறித்து மணிப்பூரைப் பற்றிக் கேட்டார்கள். வாக்குவாதமாகி வழக்கு வரை போனது. அதன் அரசியலை அவரவர் பார்வைக்கு விடுகிறேன். என்னை நிறுத்தியது வேறு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழி தெரியாத, முகம் தெரியாத மக்களின் ஆலயங்கள் எரிந்ததற்குத் தர்மபுரி மாவட்டத்து ஊர் ஒன்றில் கோபம் வந்தது. உடலில் ஓர் உறுப்பு நொந்தால் எல்லா உறுப்பும் நோகும் என்று பவுல் சொன்னது இதைத்தான். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த நோவு மணிப்பூர் வரை போகிற வேகத்தில் நம் மாவட்டத்தின் காலனிகள் வரை போகிறதா? பள்ளிப்பட்டியை மட்டும் குறிவைத்துக் கேட்கவில்லை. மாவட்டத்தின் எந்தப் பங்கும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம். மணிப்பூரிலேயே 1990களில் நாகா பாப்டிஸ்டுகளும் குக்கி பாப்டிஸ்டுகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஒரே வேதம், ஒரே சபைப் பிரிவு. இரத்தம் வேறு என்ற எண்ணம் அதையெல்லாம் மீறி நின்றது.

இங்கே நடந்த கதை பழையது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். மேல்சாதியாருக்குத் துறவி வேடத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று இன்னொரு குரு என்ற ஏற்பாடு பின்னால் மதுரை மிஷனில் வேரூன்றியது. சாதியைத் தொடாமல் கிறிஸ்துவைக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் காலத்து நெருக்கடியை வைத்துப் பார்த்தால் அவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கணக்கின் வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். சீர்திருத்தச் சபையார், "அதெல்லாம் ஆர்.சி. சமாச்சாரம்" என்று நழுவ வேண்டாம். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசத்தை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நெஞ்சுருகப் பாடுகிறோம். இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் இரு சாதிக் கிறிஸ்தவர்களுக்கு நடுவே சுவர் நின்றது. பங்கின் இயேசு சபைக் குருக்கள் 1910இல் அதை இடித்தார்கள். சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் இந்த நூற்றாண்டிலும் வழக்கும் போராட்டமுமாகப் பேசப்பட்டது. உயிர்த்தெழுதலை விசுவசிக்கிறவர்கள், எக்காளம் ஊதும் நாளில் யார் எந்தப் பக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள்! 2008 மார்ச் 9 அன்று, அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதையொட்டி அவர்களுக்கும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். செத்தவர்களும் கிறிஸ்தவர்கள், வீடு சேதப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள். எறையூர் நம் மாவட்டத்துக்குத் தூரமில்லை. அங்கே மோதிக்கொண்ட இரண்டு சாதியும் இங்கேயும் அக்கம்பக்கத்தில் வாழ்கிறவைதான்.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் இதைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. மேலே உள்ளவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கீழே ஆலயக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அவர் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு வழியும் இருக்கிறது. பங்குகளில் அன்பியம் என்று ஓர் அமைப்பு உண்டு. பத்திருபது குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி வேதம் வாசித்து, ஒருவர் நன்மை தீமையில் ஒருவர் பங்கெடுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் அதைத் தெருவாரியாகப் பிரிக்கிறார்கள். தெருவே சாதிவாரியாகக் கிடக்கும் ஊரில் தெருவாரி அன்பியம் என்ன ஆகும்? யாரும் யாரையும் ஒதுக்கியதாகச் சொல்ல முடியாது. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரர் வீட்டில் தண்ணீர் குடிக்கும் சந்தர்ப்பமும் வராது. ஞாயிறன்று ஒரே கூரை, ஒரே அப்பம், பிறகு அவரவர் தெரு. சாதி இல்லை என்று சத்தியம் செய்யலாம். சோதித்துப் பார்க்கும்படி எதுவும் நடக்கவே இல்லையே.

புதிய சபைகள் இதைவிட மேலாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். பாஸ்டர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் "பிரதர்", "சிஸ்டர்" என்று கைகொடுக்கிறார்கள். பல பெந்தெகொஸ்தே சபைகளில் உட்காரும் இடத்தில் உண்மையாகவே பேதமில்லை. பெண் கொடுக்கும்போதுதான் பழைய மனுஷன் எழுந்து வருகிறான். கிறிஸ்தவ மணமக்கள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள்: ஆர்.சி. வன்னியர், சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. ஆதிதிராவிடர், இரட்சிக்கப்பட்ட முதலியார். "சாதி தடையில்லை" என்று தாராளம் காட்டுகிறவர்களில் சிலர் அடுத்த வரியிலேயே "எஸ்.சி., எஸ்.டி. தவிர" என்று போடுகிறார்கள். மறுபடி பிறந்தவருக்கும் சாதிச் சான்றிதழ் பழைய பிறப்பிலிருந்தே வருகிறது.

இதையெல்லாம் வெளியே பேசலாமா என்று கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 15 இலட்சம் பேரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். "இருக்கிறதே கொஞ்சம், நாமே நம்மைக் காட்டிக்கொடுத்தால் மதமாற்றத் தடை பேசுகிறவன் கையில் கத்தியைக் கொடுத்த மாதிரி ஆகாதா?" பயம் புரிகிறது, பொய்யான பயமுமில்லை. ஆனால் "பார், அங்கேயும் சாதிதான், அப்புறம் எதுக்குப் போனே?" என்று சிரிக்கிறவனுக்கு எறையூர் தலித் மக்களே பதில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வெளியேறவில்லை. பூசை வேண்டும், பங்கு வேண்டும், இந்த வீட்டில் எங்களுக்கும் உரிமை உண்டு என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். கிறிஸ்துவின் மேல் கட்டப்பட்ட ஒரு சமூகம் உண்டு என்று மனதார நம்புகிறவன்தான் அதற்காகப் பட்டினி கிடப்பான். உள்ளே மூடி மறைப்பவரைவிட அவரிடம் விசுவாசம் அதிகம்.

இன்னொரு பதில் கன்னியர் மடங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் காட்டுகிறது. மறுக்கவில்லை, மலையிலும் காலனியிலும் எத்தனையோ வீடுகளில் முதலில் எழுத்துக் கற்றவர் ஒரு மிஷன் பள்ளியில்தான் கற்றார். ஆனால் சேவை மேலிருந்து கீழே இறங்குவது. படிப்புக் கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம், அரிசி கொடுக்கலாம். கொடுக்கிற கை அதே உயரத்திலேயே இருக்கும். அந்தியோக்கியாவில் பேதுரு யாருக்கும் உதவியை நிறுத்தவில்லை. பக்கத்தில் உட்காருவதை மட்டும் நிறுத்தினார்.

2012 நவம்பர் 7 தர்மபுரிக்காரர்களுக்கு மறக்காது. சாதி மாறிய ஒரு திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனியிலும் அண்ணாநகரிலும் கொண்டம்பட்டியிலும் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள், சூறையாடினார்கள். அது கிறிஸ்தவர்களுக்குள் நடந்த சண்டை இல்லை. ஆனால் இரண்டு பக்கத்து மக்களும் ஒரே பீடத்தைச் சுற்றிக் கூடும் இடம் மாவட்டத்தில் ஆலயம்தான். கட்சி கூட்டாது, கோயில் திருவிழா கூட்டாது. 1997 முதல் தர்மபுரிக்கென்று தனி மறைமாவட்டமும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு சாதியின் பெண்ணும் இன்னொரு சாதியின் பையனும் பூசைக்கு வந்து, பேசி, மணம் முடித்து, ஊருக்குள்ளேயே குடியிருந்து காட்டியிருந்தால் மாவட்டத்துக்கே ஒரு சான்று கிடைத்திருக்கும். அவர்கள் ஓடிப்போகத் தேவையில்லாத ஓர் ஊரையாவது திருச்சபை உண்டாக்கியிருக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று அறிவிப்பார்கள். திருச்சபைச் சட்டம் தடைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது: வயது, இரத்த உறவு, முந்திய மணம், குருப்பட்டம் என்று நீளும் அந்தப் பட்டியலில் சாதி கிடையாது. ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு பீரோவுக்குள் இருக்கிறது. பங்குச் சாமியாரும் கமிட்டியும் கடைசி ஐம்பது வருடத்துப் பதிவேட்டை எடுத்து, ஊரும் காலனியும் சம்பந்தம் செய்துகொண்டது எத்தனை என்று எண்ணட்டும். வரும் ஆகஸ்ட் 10 பூசையில், கறுப்புக்கொடி ஏற்றுவதற்கு முன்னால், அந்த எண்ணிக்கையை வாசிக்கட்டும்.