பழைய ஒயின் மருந்தாகுமா?

'ரெட் ஒயின் எவ்வளவு பழசோ, அவ்வளவு நல்லது. இதயத்துக்கு மருந்து!' என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1991-ல் ஓர் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி பரப்பிவிட்ட பேச்சு இது. பழசு நல்லதுதான்... நாக்குக்கு! உடம்புக்கு அல்ல.

பிரான்சின் போர்தோ பகுதியில், ஒரே தோட்டத்து ஒயினை அறுவடை ஆண்டுவாரியாக அடுக்கி ருசி பார்ப்பார்கள். 1982-ல் நல்ல வெயில். அந்த ஒயினுக்கு இன்றும் ஏக மவுசு. 1984-ல் மெர்லோ திராட்சை சரியாகக் காய்க்கவில்லை. அந்த வருஷத்துக்கு மதிப்பில்லை. ஆக, வயசு மட்டும் போதாது பாருங்கள்!

நிபுணர் முதலில் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பார். புதுசு என்றால் ஊதா கலந்த சிவப்பு. பழசு என்றால் செங்கல் நிறம். பிறகு வாசனை. அப்புறம்தான் ஒரு வாய். துவர்ப்பு தரும் டானினில் ஒரு பகுதி நாளடைவில் வண்டலாக அடியில் படிந்துவிடும். அதனால்தான் பழைய ஒயின் மிருதுவாக இருக்கிறது.

ஆனால், ஆல்கஹால் வண்டலாவதில்லையே! நாற்பது வருஷமானாலும் 150 மில்லி ஒயினில் சுமார் 15 கிராம் இருக்கத்தான் செய்யும். சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

இன்னொரு விஷயம் தெரியுமா? அந்த நிபுணர்கள் பெரும்பாலும் ஒயினை விழுங்குவதில்லை. ருசித்ததும் பக்கத்துப் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள். போதை ஏறினால் ருசி தெரியாதே!

ருசி தெரிந்தவரே துப்புவதை, மருந்து என்று நம்பி நாம் ஏன் விழுங்க வேண்டும்?