மனசைத் தைரியமா வச்சுக்கச் சொல்லாதீர்கள்

கீமோ முடிந்து வீட்டுக்கு வந்திருந்த என் சித்தி, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி வாய் மூடவில்லை, பார்க்க வந்த பெரியவர் தீர்ப்பு எழுதிவிட்டார்: "எல்லாம் பயம்தாம்மா. மனசைத் தைரியமா வச்சுக்க." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அன்று இரவு சித்தி அயர்ந்து தூங்கும்போது விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தேன். நாடித்துடிப்பு 124. குறட்டை விட்டுத் தூங்குகிறவர் எதை நினைத்துப் பயந்தாராம்?

படபடப்பு என்றாலே பயம் என்று நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. சும்மா இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. கீமோவில் ரத்தச் சிவப்பணுக்கள் குறைந்தால், இருக்கிற ரத்தத்தை வைத்தே உடம்பு முழுக்க ஆக்சிஜன் சேர்க்க இதயம் வேகமாக அடித்தாக வேண்டும். வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் நீர் வற்றினாலும் அப்படித்தான். வெள்ளணு குறைந்த நேரத்தில் கிருமி புகுந்தாலும், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்தாலும் துடிப்பு எகிறும். இதில் எதைத் தைரியம் சரிசெய்யும்?

மருந்தே இதயத்தைத் தாக்குவதும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத் தசையைப் பழுதாக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அதனால்தான் ஆயுசுக்கும் சேர்த்து அதற்கு ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள். டிராஸ்டுசுமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து போடுகிறவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதய எக்கோ எடுப்பதும் இதற்காகத்தான். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் புற்றுநோயாளிகளின் இதயத்துக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. எல்லாம் பயம் என்றால் இத்தனை எக்கோ எதற்கு? தூக்கத்தில் 124 எதற்கு?

அந்த இரவே டாக்டருக்குப் போன் போட்டோம். விடிந்ததும் ரத்தப் பரிசோதனை, ஹீமோகுளோபின் 6.8. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியதும் துடிப்பு 90க்கு இறங்கியது. அந்தப் பைகளில் தைரியமா நிரப்பியிருந்தார்கள்?

இதே படபடப்பை ஓர் ஆண் சொன்னால் இ.சி.ஜி. எடுக்க ஓடுகிறோம், பெண் சொன்னால் மனப்பிரமை என்கிறோம். நோயின் பெயரையே நோயாளியிடம் மறைத்துவிட்டு, என்ன செய்கிறது என்று அவர் சொல்லவில்லையே என அங்கலாய்க்கிறோம். கடைசியில் அவர் இறந்துபோனால், "மனசு விட்டுட்டா" என்று பழியையும் அவர் தலையிலேயே கட்டுகிறோம். இது கொடுமை.

கீமோ எடுப்பவர் படபடப்பு என்றால் முதலில் நாடியை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போதும் 100ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்திருந்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். தைரியம் சொல்லியே ஆக வேண்டுமென்றால், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் அங்கே சொல்லுங்கள்.